கையில் ஒட்டும் கிட்டார் நெக்: எதைத் தேய்ப்பது, எங்கே நிறுத்துவது

கிட்டாரில் ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து (விரல் வைக்கும் பக்கத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பன்னிரண்டாவதுக்குக் கையை நகர்த்தும்போது கட்டைவிரல் பாதி வழியில் பிடித்து நிற்கிறதா? பயிற்சி போதவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நெக்கின், அதாவது கிட்டார் கழுத்தின், பின்பக்கத்தில் இருக்கும் பூச்சுதான் பிடிக்கிறது. இதைச் சரிசெய்ய மூன்று படிகள் உண்டு: துடைப்பது, பளபளப்பை மங்கவைப்பது, பூச்சை முழுக்க எடுத்துவிட்டு எண்ணெய் பூசுவது. பெரும்பாலான நெக்குகள் முதல் இரண்டு படிகளிலேயே சரியாகிவிடும். மூன்றாவது படியிலிருந்து தொடங்குபவர்கள்தான் கிட்டாரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எடுத்த பூச்சை எடுத்த இடத்தில் திரும்ப வைக்க முடியாது.

ஏன் ஒட்டுகிறது

முதல் காரணம் அழுக்கு. வியர்வை, தோலின் எண்ணெய், பாலிஷ் எச்சம் எல்லாம் சேர்ந்து மெல்லிய படலமாக உறைந்திருக்கும்.

இரண்டாவது காரணம் பளபளப்பு. கண்ணாடி போன்ற பரப்பில் ஈரமான தோல் முழுதாகப் படிகிறது. நடுவில் காற்று புக இடமில்லாததால் வியர்வைப் படலமே பிசின் போல இழுக்கிறது. அதே பரப்பில் நுண்ணிய கீறல்கள் இருந்தால் தோல் மேடுகளை மட்டுமே தொடும், கை வழுக்கிப் போகும். சென்னை, தூத்துக்குடி, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் குளிர்சாதன அறையில் வாசிக்கும்போது நன்றாக இருக்கும் நெக், வெளியே மேடைக்கு வந்ததும் ஒட்டத் தொடங்குவது இதனால்தான்.

மூன்றாவது காரணம் பூச்சே இளகிப்போவது. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில்தான் இது அதிகம். நைட்ரோ கரைப்பான் ஆவியாகி உலரும் பூச்சு. மூலக்கூறுகள் குறுக்காகப் பிணைந்துகொள்வதில்லை என்பதால் சூடு, வியர்வை, ஆல்கஹால் ஆகியவற்றுக்கு அது இளகும். கிட்டார் ஸ்டாண்டில் உள்ள ரப்பர், வினைல் குழாய்களிலிருந்து கசியும் மென்மையாக்கிகூட அதைப் பிசுபிசுப்பாக்கிவிடும். பாலியூரித்தேன், பாலியெஸ்டர் பூச்சுகள் வேதிவினையால் இறுகியவை. அவை அப்படி இளகுவதில்லை. அவை ஒட்டினால் காரணம் அழுக்கு அல்லது பளபளப்பு.

உங்கள் நெக்கில் இருப்பது எந்தப் பூச்சு

இது தெரியாமல் எதையும் ஊற்ற வேண்டாம். கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் 1960களின் இறுதியில் பாலியெஸ்டருக்கு மாறியது. கிப்சன் இன்றும் அமெரிக்கத் தயாரிப்புகளில் நைட்ரோவைப் பயன்படுத்துகிறது. ஆசியத் தொழிற்சாலைகளில் செய்யப்படும் நடுத்தர விலைக் கிட்டார்களில் பெரும்பாலும் ஏதோ ஒரு பாலி (பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர்) பூச்சுதான் இருக்கும். கையால் செய்த கிளாசிக்கல் கிட்டார்களில் பிரெஞ்சு பாலிஷ், அதாவது ஷெல்லாக், இருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் வெளியே தெரியாத ஓரிடத்தில் சோதியுங்கள். டியூனரை, அதாவது தந்தியை முறுக்கும் திருகை, கழற்றினால் அதன் தகட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் பரப்பு போதும். பஞ்சு சுற்றிய குச்சியில் முதலில் ஆல்கஹாலைத் தொட்டு பத்து நொடி வையுங்கள். பூச்சு பசையானால் அது ஷெல்லாக். ஒன்றும் ஆகாவிட்டால் அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டு வையுங்கள். குச்சி ஒட்டினால் நைட்ரோ வகை லாக்கர். அதற்கும் அசையாவிட்டால் பாலி.

ஷெல்லாக் என்றால் இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் செய்யாமல் கிட்டார் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய, விலை உயர்ந்த நைட்ரோ கிட்டாருக்கும் அதுவே பொருந்தும். அசல் பூச்சைத் தேய்த்தெடுத்தால் அதன் சந்தை மதிப்பு பெரிதும் குறைந்துவிடும்.

முதல் படி: துடைப்பது

மெல்லிய பருத்தித் துணியை, பழைய பனியன் துணி மிகப் பொருத்தம், தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடையுங்கள். உப்பு தண்ணீரில்தான் கரையும். அதனால் இதைத் தவிர்க்கக் கூடாது. காய்ந்ததும் இன்னொரு துணியில் சிகரெட் லைட்டரில் ஊற்றும் நாஃப்தாவைச் சிறிது எடுத்து இரண்டு மூன்று முறை துடையுங்கள். துணி பழுப்பாவது நிற்கும்வரை புதிய பகுதிக்கு மாற்றிக்கொண்டே இருங்கள். நாஃப்தா எண்ணெய்ப் பிசுக்கையும் மெழுகையும் கரைக்கும், ஆனால் நைட்ரோவையோ பாலியையோ தொடாது. பெயின்ட் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரை இதற்குப் பதிலாக எடுத்துவிடாதீர்கள். அது நைட்ரோ லாக்கரைக் கரைப்பதற்கென்றே செய்யப்பட்டது. நாஃப்தா எளிதில் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் ஊதுபத்தியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

துடைத்த பிறகு ஒருநாள் வாசித்துப் பாருங்கள். பிடிப்பு போயிருந்தால் வேலை முடிந்தது. நைட்ரோ நெக் துடைத்த பிறகும் நகத்தால் அழுத்தினால் தடம் விழும் அளவுக்கு இளகியிருந்தால் இரண்டாவது படி உதவாது. இளகிய பூச்சு உப்புத்தாளை அடைத்துக்கொண்டு உருண்டு வரும். அதற்கு மூன்றாவது படிதான்.

இரண்டாவது படி: பளபளப்பை மங்கவைப்பது

பாலி நெக்குகளுக்கு இதுதான் உண்மையான மருந்து. கடைகளில் சாட்டின் ஃபினிஷ் என்று விற்கும் நெக்குகளில் கையை வழுக்கவிடுவதும் இதே மங்கல்தான். பூச்சை எடுப்பதில்லை, அதன் மேல்தோலில் மட்டும் சீரான நுண்கீறல்களை உண்டாக்குகிறோம். மரத்துக்கான பாதுகாப்பு அப்படியே இருக்கும்.

வேண்டியவை குறைவு. சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட் அட்டை (நாரால் ஆன தேய்ப்புத் துண்டு) ஒன்று, 3எம் எண் 7448. இது கார் பெயின்ட் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். முழு அட்டையை நான்காக வெட்டினால் ஒரு துண்டே ஒரு நெக்குக்குப் போதும். இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் வெள்ளை நிற 7445. அரக்கு நிற 7447 இந்த வேலைக்கு முரடு. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுக்காதீர்கள். அதன் முரட்டுத்தனம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆழமான தனிக் கீறல்களையும் விடும். 0000 எண் ஸ்டீல் உல் கிடைத்தால் அதுவும் நல்லதுதான். ஆனால் அதன் இரும்புத் தூள் எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டால் எளிதில் வராது. சாம்பல் அட்டையில் இரும்பு இல்லை என்பதாலேயே அதை முதலில் சொல்கிறோம்.

தந்திகளைக் கழற்றுங்கள். ஓரிரு நாள் தந்தி இல்லாமல் இருப்பதால் நெக்குக்கு ஒன்றும் ஆகாது. திருகாணியில் பூட்டிய நெக் என்றால் பாடியிலிருந்து கழற்றிவிடுவது வேலையைச் சுலபமாக்கும். ஒட்டிய நெக் என்றால் பாடியைத் துணியால் போர்த்தி, பிக்கப்புகளின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

நெக்கில் இரண்டு இடங்களில் டேப்பைச் சுற்ற வேண்டும். ஒன்று, நட்டுக்கு (நெக்கின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் துண்டு) பின்னால் நெக் ஹெட்ஸ்டாக்காக, அதாவது டியூனர்கள் இருக்கும் தலைப்பகுதியாக, வளையத் தொடங்கும் இடம். இன்னொன்று, நெக் பாடியோடு சேரும் ஹீல் புடைக்கத் தொடங்கும் இடம். மங்கலான பகுதிக்கும் பளபளப்பான பகுதிக்கும் நடுவே தெரியும் கோடு இங்கேதான் விழும். டேப்பை நேராகச் சுற்றி விளிம்பை நகத்தால் அழுத்திவிடுங்கள். அந்தக் கோடு ஒழுங்காக இருந்தால்தான் வேலை தொழிற்சாலையில் செய்ததுபோல் இருக்கும். பிறகு ஃப்ரெட்டுகள் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டின் பக்கவாட்டிலும் நீளமாக ஒரு டேப். கட்டைவிரல் படும் ஐந்தாறு ஃப்ரெட் பகுதியை மட்டும் மங்கவைத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. கை ஒரு பரப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது தடுக்குவது முன்னைவிட எரிச்சலாக இருக்கும்.

இப்போது அட்டையை உள்ளங்கையில் வைத்து நெக்கின் பின்பக்கத்தைச் சுற்றிப் பிடித்து, ஹீலிலிருந்து நட்டுவரை ஒரே நீண்ட இழுப்பாக இழுங்கள். திரும்பவும் அதேபோல. கையின் எடைக்கு மேல் அழுத்தம் வேண்டாம். குறுக்காகவோ வட்டமாகவோ தேய்க்கக் கூடாது. கை நகரும் திசையிலேயே கீறல்கள் ஓட வேண்டும். பாதியில் நிறுத்திப் பின்னால் வந்தால் அந்த இடத்தில் கீறல் அடர்ந்து திட்டாகத் தெரியும். ஒவ்வொரு இழுப்பும் இரு முனைகளிலும் டேப்பின் மேல் ஏறி முடியட்டும். நாற்பது ஐம்பது இழுப்புக்கு ஒருமுறை தூசியைத் துடைத்துவிட்டு, டார்ச்சை நெக்கோடு சாய்த்து அடித்துப் பாருங்கள். தீவுகள்போலப் பளபளக்கும் இடங்கள் பூச்சின் பள்ளங்கள். அவற்றை மட்டும் விரலால் அழுத்தித் தேய்க்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். விரல் அழுத்தத்தில் விளிம்பு வழியாகப் பூச்சு கிழிந்து மரம் தெரிந்துவிடும்.

பள்ளங்கள் நிறைய இருந்து, ஆரஞ்சுத் தோல்போல் மேடுபள்ளமாக இருந்தால் மட்டும் 1000 எண் வாட்டர் பேப்பரை எடுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்து, பழைய மவுஸ் பேடிலிருந்து வெட்டிய துண்டைத் தாளுக்குப் பின்னால் வைத்துத் தேய்த்தால் விரல்களின் பள்ளம் பூச்சில் பதியாது. தண்ணீர் திருகு ஓட்டைகளிலும் ஃப்ரெட் இடுக்குகளிலும் இறங்கக் கூடாது. அதன் பிறகு மீண்டும் சாம்பல் அட்டை.

டியூப் லைட்டின் பிம்பம் கோடாகத் தெரிவது நின்று வெறும் வெளிச்சமாக மாறியதும் நிறுத்துங்கள். பதினைந்திலிருந்து இருபது நிமிடம் ஆகும். நாஃப்தாவால் துடைத்து, டேப்பை மெதுவாக, நெக்கின் மேலேயே மடக்கினாற்போல் உரித்து எடுத்துத் தந்தி கட்டுங்கள்.

நிறம் கலந்த பூச்சுகளில் கவனம் வேண்டும். பழமைத் தோற்றத்துக்காகத் தேன் நிறம் ஏற்றிய மேப்பிள் நெக்குகளில் நிறம் பெரும்பாலும் மரத்தில் இல்லை, பூச்சுக்குள் இருக்கிறது. அதிகம் தேய்த்தால் வெளிறிய திட்டு தெரியும். கறுப்பு வண்ணம் அடித்த நெக் மங்கும்போது சாம்பலாகும். பிடிக்குமா என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். பாலி பூச்சைப் பல அடுக்காக அடித்திருந்தால், ஓர் அடுக்கைத் துளைத்து அடுத்த அடுக்கு வெளிவரும் இடத்தில் வரைபடக் கோடுபோல வளையம் தெரியும். நைட்ரோவில் அடுக்குகள் ஒன்றில் ஒன்று கரைந்து சேர்வதால் இந்தத் தொல்லை இல்லை.

மங்கவைத்த நெக் நிரந்தரமல்ல. கையே அதைத் தேய்த்துத் தேய்த்துச் சில மாதங்களில் மறுபடி பளபளப்பாக்கும். அப்போது வெள்ளை அட்டையால் இருபது இழுப்பு போதும். பூச்சு தடிமனாக இருக்கும்வரை இதைப் பல ஆண்டுகள் செய்துகொண்டே இருக்கலாம்.

மூன்றாவது படி: பூச்சை எடுத்து எண்ணெய் பூசுவது

மங்கவைத்தும் திருப்தி இல்லை, அல்லது பூச்சு உரிந்து, இளகி, உடைந்து கிடக்கிறது என்றால் மட்டும். மியூசிக் மேன் நெக்குகள் பலவற்றில் துப்பாக்கிக் கட்டைக்குப் பூசும் எண்ணெயும் மெழுகும் மட்டுமே இருக்கும். நாம் அடையப்போவது அந்த உணர்வைத்தான். ஆனால் அந்த நெக்குகளைப்போலவே இதுவும் அழுக்கேறும், பராமரிப்பு கேட்கும், ஈரக்காற்றுக்கு பாலியைவிட அதிகம் அசையும்.

மூன்று இடங்களைத் தொடக் கூடாது. ஹெட்ஸ்டாக்கின் முகம்: லோகோ பூச்சுக்குள்தான் இருக்கிறது. பாடியின் பள்ளத்தில் உட்காரும் ஹீல் பகுதி: அங்கே கொஞ்சம் தேய்த்தாலும் நெக் ஆடும், தந்தியின் நேர்கோடு மாறும். மேப்பிள் ஃப்ரெட்போர்டின் மேற்பரப்பு: ஃப்ரெட்டுகளுக்கு நடுவே வீட்டில் சீராகச் செய்ய முடியாது.

பூச்சைச் சுரண்டத் தச்சர்கள் வைத்திருக்கும் தகட்டு ஸ்கிரேப்பர் நல்லது. அது இல்லாவிட்டால் ஒருபக்கக் கூருள்ள தடித்த பிளேடு. அதன் இரு மூலைகளிலும் டேப் சுற்றிவிட்டால் மரத்தில் கோடு விழாது. பிளேடை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து உங்களை நோக்கி மெதுவாக இழுங்கள். பாலி வெள்ளைச் சுருளாக வரும். ஹீட் கன் வேண்டாம். ஃப்ரெட்போர்டை நெக்கோடு சேர்த்திருக்கும் பசை சூட்டில் விட்டுவிடும். பெயின்ட் ரிமூவரும் வேண்டாம். அது நெக் ஓரத்தில் பதித்த பிளாஸ்டிக் பட்டையையும் (பைண்டிங்) பக்கப் புள்ளிகளையும் கரைக்கும். தூசி நுரையீரலுக்கு ஆகாது. என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளித் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ செய்யுங்கள்.

முக்கால்வாசி வந்ததும் உப்புத்தாளுக்கு மாறுங்கள். 180, 220, 320, 400 என்ற வரிசையில், ஒவ்வோர் எண்ணிலும் முந்தைய எண்ணின் கீறல்கள் மறையும்வரை மட்டும். கடைசி இழுப்புகள் எப்போதும் மர ரேகையோடு. 120 தேவைப்படுகிறது என்று தோன்றினால் ஸ்கிரேப்பரையே மறுபடி எடுங்கள். முரட்டுத் தாள் பூச்சைவிட மரத்தை வேகமாகத் தின்னும், நெக்கின் வடிவம் மாறிவிடும். பூச்சு எங்கே மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியாதபோது நாஃப்தாவால் ஈரப்படுத்துங்கள். வெற்று மரம் கருத்து மங்கும். மிச்சப் பூச்சு பளபளத்துக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்ததைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பிறகு நெக் சொரசொரக்கிறது என்று வருந்துகிறார்கள். ஈரத்துணியால் மரத்தை லேசாக நனைத்து அரைமணி நேரம் காயவிடுங்கள். நார்கள் எழுந்து நிற்கும். 400 தாளால் மெதுவாகச் சீவிவிடுங்கள். இதை இரண்டு முறை செய்தால், பிற்பாடு உங்கள் வியர்வை பட்டு நார் எழாது. வெற்று மரத்தில் ஸ்டீல் உல் வேண்டாம். சிக்கிய இரும்பு இழை ஈரக்காற்றில் துருப்பிடித்துக் கறும்புள்ளியாகும்.

எண்ணெயில், துப்பாக்கிக் கட்டைக்கென்று விற்கும் ட்ரூ-ஆயில் நமக்கு வசதியானது. ஆளிவிதை எண்ணெயை அடிப்படையாகக் கொண்டது, ஓரளவு விரைவாக இறுகும். சுத்தமான டங் எண்ணெய் நல்ல பூச்சு, ஆனால் ஒவ்வொரு பூச்சுக்கும் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், சமையல் எண்ணெய் எதுவும் கூடாது. அவை இறுகிப் படலமாவதில்லை; மரத்தில் ஊறிக் கிடந்து, சிக்கடித்து, நாம் ஒழித்த பிசுபிசுப்பையே திரும்பக் கொண்டுவரும். ஃப்ரெட்போர்டுக்குப் பூசும் லெமன் ஆயிலும் இறுகும் எண்ணெய் அல்ல.

பனியன் துணியைச் சிறு உருண்டையாக மடித்து நான்கைந்து சொட்டு எடுத்து, பதினைந்து சென்டிமீட்டர் பகுதியாகத் தேய்த்துப் பரப்புங்கள். முழு நெக்கையும் முடித்ததும் இரண்டு மூன்று நிமிடத்தில் சுத்தமான துணியால் அழுத்தித் துடைத்து எடுங்கள். துடைத்தபின் எதுவும் பூசாததுபோல் தோன்ற வேண்டும். அதுதான் சரியான அளவு. எண்ணெய்ப் பூச்சு ஒட்டுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தத் துடைப்பைக் கஞ்சத்தனமாகச் செய்ததால் வருபவை. வறண்ட ஊரில் சில மணி நேரத்தில் அடுத்த பூச்சு போடலாம். கடலோரத்தில் ஒருநாள் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் தொடங்கவே வேண்டாம். இரண்டாவது பூச்சுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் சாம்பல் அட்டையால் லேசாக வருடிவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

மேப்பிள் இறுக்கமான மரம். மூன்று நான்கு பூச்சு போதும். மஹோகனியில் துளைகள் பெரிது. ஐந்தாறு வேண்டும், அதோடு துளைகளுக்குள் போன எண்ணெய் சிறு மணிகளாக வெளியே கசியும். முதல் சில மணி நேரம் அவ்வப்போது துடைக்காவிட்டால் அவை அப்படியே இறுகிப் புள்ளியாக நிற்கும். ரோஸ்வுட் நெக்கில் எண்ணெயே வேண்டாம். மரத்தின் சொந்த எண்ணெய் மேற்பூச்சை இறுகவிடாது. மெழுகு மட்டும் போதும்.

எண்ணெய் பட்ட துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை, டங் எண்ணெய்கள் இறுகும்போது வெப்பம் வெளியிடும். கசங்கிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கினால் தானாகவே தீப்பிடிக்கும். திறந்த வெளியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு வாரம் இறுகவிட்டு, சாம்பல் அட்டையால் நீளவாக்கில் பத்துப் பதினைந்து இழுப்பு. அதன்மேல் மெழுகு வேண்டுமென்றால் கார்னாபா கலந்தது நம் வெயிலுக்கு ஏற்றது. அது 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். தேன்மெழுகு 60களிலேயே உருகுவது, வெப்பத்தில் அதற்கு முன்பே மென்மையாகிக் கையைப் பிடிக்கும். கார் மெழுகுகளில் பலவற்றில் சிலிக்கோன் இருக்கும். அது ஊறிவிட்டால் பிற்காலத்தில் எந்தப் பூச்சும் அங்கே சரியாகப் படியாது.

தந்தி கட்டிய பிறகு

நெக்கைத் திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு திருகையும் முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். பழைய மரையில் ‘டக்’கென்று விழுந்ததும் முறுக்கினால் புதிய மரை வெட்டாது. சுருதி சேர்த்து ஒருநாள் விட்டு நெக்கின் வளைவைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, ஆறாவது தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தினால் ஏழு, எட்டாவது ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.2 மில்லிமீட்டர் அளவு இடைவெளி தெரிய வேண்டும். மாறியிருந்தால் டிரஸ் ராடை, அதாவது நெக்குக்குள் இருந்து வளைவைச் சரிசெய்யும் கம்பியை, கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருப்ப வேண்டாம்.

வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் நெக்கை ஒருமுறை வழித்துவிடுங்கள். எண்ணெய்ப் பூச்சு நெக் ஆறேழு மாதத்தில் கட்டைவிரல் படும் இடத்தில் சாம்பலாக அழுக்கேறினால், நாஃப்தாவால் துடைத்து, சாம்பல் அட்டையால் வருடி, ஒரே ஒரு மெல்லிய பூச்சு போட்டால் சரியாகிவிடும். நைட்ரோ நெக்கை மங்கவைத்து வைத்திருப்பவர்கள் ஸ்டாண்டில் நெக் சாயும் இடத்துக்குப் பருத்தித் துணி சுற்றுங்கள். கைக்கு சானிடைசர் போட்டால் முழுதாக உலர்ந்த பிறகு கிட்டாரை எடுங்கள்.